மாத்தளைப் புகையிரதப் பாதையும் அதன் மாதிரியுருவும்

சிறுவர் விளையாட்டுக்கெனத் தோன்றிய பொருள்கள் சில, காலப்போக்கில் வரலாற்றுக்குத் துணைபுரியும் கருவிகளாக வளர்ந்துள்ளன. புகையிரதப் பொம்மை அவற்றுள் ஒன்று. லிவர்பூல் நகரைச் சேர்ந்த பிராங்க் ஹோர்ன்பி என்பார் 1920ஆம் ஆண்டில் விசை முடுக்கினால் ஓடும் வண்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவை பொம்மைகளே. ஆனால், 1925ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்ற ரோய் இங்லண்ட் என்னும் ஆஸ்திரேலியர் அக்கலையை வேறொரு நோக்கத்திற்குப் பயன்படுத்தினார். பழைய கிராமத்துக் கூரை வீடுகள் ஒவ்வொன்றாக உருமாறி அழிவதைக் கண்டு வருந்திய அவர், அவற்றை அளந்து, ஓரடிக்கு நான்கு மில்லிமீற்றர் என்னும் கணக்கிற் சிறிதாக்கி அமைக்கத் தொடங்கினார். அம்முயற்சியே பெண்டன் காட்சிச்சாலையாக வளர்ந்தது. 1930ஆம் ஆண்டுகளின் நாட்டுப்புற வாழ்வு, அதனூடே ஓடும் புகையிரதத்துடன் அங்கே காட்சிதருகின்றது. மறையும் வாழ்வொன்றை மறக்கவொட்டாமற் காப்பதற்கு மாதிரியுருவும் ஒரு வழியென்பதை அவர் உணர்த்தினார்.

நம் நாட்டிலே இவ்வாறு உருவமைக்கத் தக்க பாதை எது எனின், கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் கிளைப்பாதையை முதலிற் கூறலாம். கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867ஆம் ஆண்டிற் புகையிரதம் வந்து சேர்ந்தது. அது மாத்தளையை எட்டியது 1880ஆம் ஆண்டில். கண்டிக்கும் மாத்தளைக்கும் இடையே ஏறத்தாழ 17 மைல் தூரம். கட்டுகஸ்தோட்டையில் மகாவலி கங்கையைக் கடந்து, வத்தேகமை, உக்குவளை ஆகிய ஊர்களினூடே சென்று, மாத்தளை நிலையத்தில் அப்பாதை முடிவுறுகின்றது. ஒற்றைத் தண்டவாளம், சிறு நிலையங்கள், ஒரு பேராறு, மலைச்சரிவு, இறுதியில் ஒரு நகரம் என, மாதிரியுரு அமைப்போன் விரும்புவன யாவும் இதில் உள.

எனினும் வேலை எளிதன்று. மேற்கூறிய கணக்கின்படி பாதை முழுவதையும் அமைப்பதாயின், ஏறத்தாழ 360 மீற்றர் நீளம் வேண்டும். எந்த வீட்டு மண்டபமும் அதற்குப் போதாது. இலங்கையின் அகலப்பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி ஐந்தரை அடி. மாதிரியில் அது 22 மில்லிமீற்றராதல் வேண்டும். கடையில் விற்கும் மாதிரித் தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர் இடைவெளி உடையது. ஆகவே அமைப்போன் தானே தண்டவாளம் செய்தல் வேண்டும். அன்றேல் ஒடுக்கமான பாதையைக் கொண்டு மனநிறைவடைதல் வேண்டும். பாலம் ஒன்று, வளைவு ஒன்று, நிலையம் இரண்டு எனத் தெரிந்தெடுத்து, ஏனையவற்றை விட்டுவிடுதலும் தவிர்க்க முடியாதது. எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது என்னும் இக்கேள்வி வரலாற்றாசிரியனுக்கும் உரியதே.

அடுத்து எழுவது, எந்த ஆண்டைக் காட்டுவது என்னும் வினா. மலைநாட்டுப் புகையிரதம் கோப்பிக்காகப் பிறந்தது. மாட்டுவண்டிகளில் நாட்கணக்காகச் சென்ற கோப்பி மூடைகளை விரைவிலே துறைமுகம் சேர்ப்பதே அதன் நோக்கம். ஆனால் 1869ஆம் ஆண்டில் இலங்கையிற் கோப்பி இலைகளிற் செந்நிறத் துருநோய் தோன்றிவிட்டது. மாத்தளைக்குப் பாதை திறக்கப்பட்டபோது, எதற்காக அது போடப்பட்டதோ அந்தப் பயிர் அழிந்துகொண்டிருந்தது! பின்னர் அவ்வண்டிகளை நிரப்பியவை தேயிலைப் பெட்டிகளும் கொக்கோ மூடைகளும் இறப்பருமாம். ஆகவே 1900ஆம் ஆண்டைக் காட்டும் மாதிரியிற் கோப்பி மூடைகளைக் குவிப்போன் பெரும் பிழை செய்தவனாவான். பயிர் மாறியதோடு மக்கள் வாழ்வும் மாறியது. கோப்பி பறித்தல் பருவத் தொழில்; பருவம் முடிந்ததும் தொழிலாளர் பலர் ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்கப்படுவது. அதனால் குடும்பம் குடும்பமாக மக்கள் மலையிலே நிலைத்தனர்.

அம்மக்கள் எவ்வழியே வந்தனர்? இங்கேதான் மாத்தளையின் தனிச்சிறப்பு விளங்குகின்றது. கொழும்பிலிருந்து புகையிரதத்தில் வருவோனுக்கு மாத்தளை பாதையின் முடிவு. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளிக்கோ அதுவே மலைநாட்டின் வாயில். தோணியிற் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், கங்காணியின் பின்னே காட்டுவழியாகத் தம்புள்ளை, நாலந்தா ஆகிய இடங்களைக் கடந்து, நூறு மைலுக்கும் மேற்பட்ட தூரம் நடந்து மாத்தளையை அடைந்தனர். குடிநீர் இன்மை, வாந்திபேதி, காய்ச்சல், காட்டு விலங்குகள் என்பவற்றால் வழியிலே மடிந்தோர் பலர். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை. நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் மாசி மகத்தில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களையும் வடம்பிடித்து இழுக்கின்றனர்.

1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை யாழ்ப்பாணம் வரை நிறைவெய்தியது. 1914இல் தலைமன்னார்ப் பாதையும், அக்கரையிற் பாம்பன் பாலமும் திறக்கப்பட்டன. அதன்பின் தொழிலாளர் கப்பலிலும் புகையிரதத்திலும் வந்தனர். காட்டுவழி நடை ஓய்ந்தது.

வந்த பயணத்திற்கு ஒரு மறுபயணமும் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றி 1974இல் முடிவு செய்யப்பட்டது. தாத்தாமார் நடந்து வந்த நாட்டிலிருந்து பேரப்பிள்ளைகள் புகையிரதமேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரத்தை அடைந்தனர். மலையக நிலையங்களின் மேடைகள் கண்டது வழக்கமான வழியனுப்புதலன்று. ஒரே குடும்பம் இரு நாடுகளாகப் பிரிந்த காட்சியே அது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்ப்போன் தன் மாதிரியுருவை எவ்வாறு முடிப்பான்? மாத்தளை நிலையத்தில், தண்டவாளத்தை மறித்து நிற்கும் தடுப்புக்கட்டையோடு அவனது மேசைப்பலகை முடிந்துவிடலாகாது. அதற்கப்பால் ஒரு முழ நீளமேனும் பலகையை நீட்டி, அலுவிகாரைப் பக்கமாக வடக்கே செல்லும் வீதியை அமைத்தல் வேண்டும். அதன்மீது தலைச்சுமையோடு நடந்துவரும் சில சிறு உருவங்களையும் வைத்தல் வேண்டும். நிலைய மேடையில், மூட்டையருகே நிற்கும் ஒரு குடும்பத்தையும் காட்டுவானாயின் அது வேறோர் ஆண்டின் மாதிரியாகும். ஆயினும் அதே பாதையின் வரலாறாகும்.

மாத்தளை மாவட்டத்துப் பாடசாலைகளில் இத்தகைய முயற்சியை மாணவர் மேற்கொள்ளலாம். அட்டை, களிமண், மூங்கிற்சீவல் என்பனவே போதும். விலையுயர்ந்த பொருள்கள் வேண்டா. உருவங்களைச் செய்யுமுன் மாணவர் தத்தம் வீட்டு முதியோரிடம், தம் முன்னோர் எவ்வூரிலிருந்து, எவ்வழியே வந்தனரென்று கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். இரும்பும் மரமும் பழுதானாற் புதுப்பிக்கப்படும். முதியோர் நினைவோ அவர்களோடு மறைந்துவிடும். அதைக் கேட்டுவைக்கும் வேலை இன்றே தொடங்கத் தக்கது.