கரந்தை சூடிய வண்டிகள்

பழனி மலைத்தொடருக்குத் தெற்கே, வைகைக் கரையில், ஆண்டிபட்டி வட்டத்தைச் சேர்ந்த புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு சில நடுகற்கள் கண்டறியப்பட்டன. தமிழி எழுத்துப் பொறித்த அக்கற்களுள் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளைக் குறிப்பிடுகிறது. ஆநிரை கவர்தல் வெட்சி. கவரப்பட்டதை மீட்டல் கரந்தை. தொல்காப்பியம் கரந்தையை வெட்சியுள் அடக்கிற்று. புறப்பொருள் வெண்பாமாலை அதைத் தனித் திணையாகவே வைத்தது. தாக்குவதைப் போலவே மீட்பதும் பெயரிட்டுச் சொல்லத்தக்க போர்ச்செயல் என்பது நம் இலக்கண மரபின் துணிபு.

இரண்டாம் உலகப்போரில் படைகளின் பெருஞ்செல்வமாக இருந்தவை டாங்கிகள். அவற்றை மீட்கவும் தனி வண்டிகள் இருந்தன. ஆங்கிலத்தில் ஏ.ஆர்.வி. எனச் சுருக்கி அழைக்கப்படும் கவச மீட்பு வண்டிகளே அவை. ஆனால் பழைய போர்ப் படங்களின் கீழ் அவற்றையும் 'டாங்கி' என்றே எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. அவற்றை இனங்காண்பது எப்படி?

அதற்கு முன், அவை ஏன் தேவைப்பட்டன என்று பார்க்க வேண்டும். 1942 ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னை நகரம் காலியாகத் தொடங்கியது. அந்த அச்சத்தின் நினைவு நம் மலைகளிலும் தங்கியிருக்கிறது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறு சென்று கொச்சியை அடைவதற்கென்று போர்க்காலத்தில் பேணப்பட்ட பாதைக்கு 'எஸ்கேப் ரோடு' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. தோற்றால் தப்பிச் செல்வதற்கான வழி அது.

அவ்வச்சத்தைத் தூண்டிய பர்மாவிலோ தப்பிச் செல்வதற்கான வழி ஓர் ஆற்றங்கரையில் முடிந்துபோயிற்று. 1942 மே மாதம் சிந்த்வின் ஆற்றை அடைந்த பிரிட்டிஷ் ஏழாம் கவசப் படைப்பிரிவு, தன் ஸ்டூவர்ட் டாங்கிகளை அக்கரை சேர்க்க இயலாமல் அவற்றைத் தன் கையாலேயே அழித்தது. ஆற்றைக் கடந்தது ஒன்றே ஒன்று. அதன் பெயர் 'ஸ்காட்லாந்தின் சாபம்'. கைவிடப்பட்ட வண்டி எதிரிக்குப் பயன்படக்கூடாது என்பது எல்லாப் படைகளுக்கும் உரிய விதி. அதன் மறுபக்கம்தான் மீட்புப் பணி. கண்ணிவெடியில் சங்கிலிப் பட்டை அறுந்த டாங்கி செத்த டாங்கி அன்று. அதை இழுத்துவந்து செப்பனிட்டால் மீண்டும் களம் காணும். எனவே போர் ஓய்ந்தபின் களம் யார் வசம் இருக்கிறதோ, அவருடைய சேதம் பழுதாகவும் மற்றவருடைய சேதம் இழப்பாகவும் கணக்கில் ஏறும். பிரிட்டனில் 1942இலும் இந்தியப் படையில் 1943இலும் மின், இயந்திரப் பொறியாளர் பிரிவுகள் தனியே தோன்றியதற்கு இத்தேவையும் ஒரு காரணம்.

இனி அடையாளங்கள். மீட்பு வண்டி பெரும்பாலும் வழக்கிலிருந்த ஒரு டாங்கியின் அடிச்சட்டத்தின் மீதே கட்டப்படும். ஆகவே சக்கரங்களைப் பார்த்தால் குடும்பம் தெரியும்; தொழில் தெரியாது. தொழிலை அறிய மேற்புறத்தைப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் ஷெர்மன் முதல் வகை மீட்பு வண்டியில் சுழல் கோபுரமே இராது. அமெரிக்காவின் எம்32 வண்டியில் கவிழ்த்த 'வி' வடிவில் இரு கால்களைக் கொண்ட தூக்குச் சட்டமும், 27 டன் அளவுக்கு இழுக்கும் வின்ச்சும் இருக்கும். பழனி மலையேறுவோர்க்கு வின்ச் புதிதன்று. வடத்தைச் சுருட்டி மேலிழுக்கும் அதே பொறிதான். ஜெர்மனியின் பெர்கேபாந்தரில் 40 டன் வின்ச்சுடன் பின்புறம் பெரிய மண்வாரித் தகடு ஒன்றும் உண்டு. அதை நிலத்தில் ஊன்றிக்கொண்டால்தான் இழுக்கும்போது வண்டி தானே பின்னோக்கி நகராமல் நிற்கும். அவ்வண்டி வருமுன் ஒரு டைகர் டாங்கியை இழுக்க அரைச்சங்கிலி வண்டிகள் இரண்டு மூன்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பிணைக்க வேண்டியிருந்தது.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. சில வண்டிகளில் பீரங்கி இருக்கும். ஆனால் அது போலி. எம்31இலும் சர்ச்சில் இரண்டாம் வகை மீட்பு வண்டியிலும் குழல் போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஆயுதமற்றது எனத் தெரிந்தால் எதிரி அதையே முதலில் குறிவைப்பான் என்பதால் இந்த வேடம். கோபுரம் இல்லாததெல்லாம் மீட்பு வண்டியும் அன்று. சிந்த்வினைக் கடந்த அந்த ஒற்றை ஸ்டூவர்ட் பின்னர் கோபுரம் நீக்கப்பட்டு, இந்தியாவின் ஏழாம் இலகு குதிரைப்படையின் தலைமை வண்டியாகவே மீண்டும் பர்மா சென்றது. ஆக, இருப்பதை நம்பினாலும் பிழை நேரும். இல்லாததை மட்டும் நம்பினாலும் பிழை நேரும். வின்ச், வடம், தூக்கி, ஊன்றுதகடு, இழுவைக் கம்பி ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வர வேண்டும். சுவடி பார்ப்பவர்க்கு இம்முறை பழக்கமானதே. ஒரு சொல்லை மட்டும் கொண்டு பாடத்தை உறுதிசெய்வார் உண்டோ?

இவ்வகை வண்டி நமக்கு அந்நியமானதும் அன்று. 1961இல் நிறுவப்பட்ட ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை டாங்கிகளைச் செய்து தருகிறது. அந்த டாங்கிகளுள் ஒன்றான டி-72இன் அடிச்சட்டத்தைக் கொண்டு உருவான டபிள்யூ.இசட்.டி-3 என்னும் போலந்து வகை மீட்பு வண்டி இந்தியப் படையில் உண்டு. முன்புறம் தள்ளுதகடு, மேலே தூக்கி. காண்போர் அதையும் டாங்கி என்றுதான் சொல்வார்கள்.

பெயர் தவறினால் என்ன நட்டம் என்று கேட்கலாம். மீட்பு வண்டியை டாங்கி என்று எழுதும்போது, குண்டுமழைக்கு நடுவே இறங்கி வடத்தைக் கொக்கியில் மாட்டிய மனிதன் அந்தப் படத்திலிருந்து மறைந்துவிடுகிறான். சுட்டவன் மட்டுமே எஞ்சுகிறான். கரந்தைக்குத் தனித் திணை வகுத்த மொழியில் எழுதுகிற நாம் அந்தத் தவற்றைச் செய்யலாகாது.