குரலைக் காத்த பெட்டி

வானொலியிலே பேசப்படும் சொல் கேட்ட கணத்திலேயே காற்றோடு கலந்து மறைவது. அதனைப் பிடித்துவைக்கும் வசதி முன்னாளிற் பெரும்பாலும் ஒலிபரப்பு நிலையங்களுக்கே உரியதாயிருந்தது. ஒல்லாந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனத்தில், லூ ஒற்றன்ஸ் என்னும் பொறியியலாளர் தலைமையில் உருவான சிறிய கசெற், 1963ஆம் ஆண்டு பேர்லின் கண்காட்சியில் வெளிவந்தபின் அந்நிலை மாறிற்று. சில ஆண்டுகளில் வானொலியும் கசெற்றும் ஒரே கைப்பெட்டியில் இணைந்தன. இரண்டு விசைகளை ஒருங்கே அழுத்திய எளிய மனிதனும் தான் கேட்டதைத் தனதாக்கிக்கொண்டான்.

1982இல் யப்பானில் விற்பனைக்கு வந்த இறுவட்டும் பின்னர் அப்பெட்டியில் இடம்பெற்றது. ஒலித்தெளிவில் இறுவட்டு சிறந்தது. ஆயினும் அங்கே பதிவுசெய்யும் பணி கசெற்றுக்கே உரியதாய் நின்றது.

கசெற்றில் ஓர் இடருமுண்டு. புதிய பதிவு பழையதை அழித்துவிடும். இதனைத் தடுக்கவே அதன் பின்விளிம்பில், பக்கத்துக்கு ஒன்றாக, இரண்டு சிறு தகடுகள் அமைந்தன. தகட்டை ஒடித்துவிட்டால் பதிவு விசை இறங்காது. அதனை ஒடிக்க மறந்த இல்லங்களில், இறந்த தந்தையின் குரல்மேற் சினிமாப் பாட்டு ஏறியதுமுண்டு.

தகடு தடுப்பது கைத்தவறை மட்டுமே, காலத்தையன்று. நாடாவும் நாளடைவில் நலியும். ஆதலால், பெட்டி இயங்கும்போதே அக்குரல்களை வேறிடத்திற் பதிந்துவைத்தல் நன்று.