தொகுதி மடல் (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

அமெரிக்காவில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், அரசு இயற்றிய சட்டங்களையும் தொகுதி மக்களுக்குக் கிடைக்கும் உதவிகளையும் விளக்கிப் பொதுச்செலவில் அனுப்பும் அச்சுக் கடிதம் தொகுதி மடல் எனப்படும். கூட்டத்தொடர் முடிந்த கையோடு அனுப்புவது பழைய மரபு. மாநிலப் பேரவை உறுப்பினர்களும் கூட்டாட்சி காங்கிரசின் உறுப்பினர்களும் இதை அனுப்புகின்றனர். மாநில மடலுக்கு மூதாதை காங்கிரஸ் உறுப்பினரின் சுற்று மடல். அந்தச் சுற்று மடலுக்கு வழிவகுத்தது இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் இலவச அஞ்சல் உரிமை.

இலவச அஞ்சல் உரிமை

1660-இல் இங்கிலாந்தின் காமன்ஸ் அவை, தன் உறுப்பினர்களின் கடிதங்கள் கட்டணமின்றிச் செல்ல வேண்டும் என்று கோரியது. அக்காலத்தில் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்துக் கட்டணம் ஏறும். அதைப் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே கொடுப்பார். உறுப்பினர் தம் பெயரை உறைமேல் எழுதிவிட்டால் பெறுபவருக்குச் செலவில்லை. ஆகவே இது உறுப்பினருக்குத் தந்த சலுகை என்பதைவிட அவருடைய கடிதத்தைப் பெறும் குடிமக்களுக்குத் தந்த சலுகை என்று கொள்வதே பொருந்தும். ஆனால் உறுப்பினர்கள் வெற்றுத் தாள்களில் கட்டுக்கட்டாகக் கையெழுத்திட்டு நண்பர்களுக்கு வழங்கினர். கள்ளக் கையெழுத்தும் பெருகியது. முகவரி முழுவதையும் உறுப்பினரே தம் கைப்பட எழுத வேண்டும் என்று 1764-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. நாளும் ஊரும் குறிக்க வேண்டும் என்பது 1784-இல் சேர்ந்தது. ரோலண்ட் ஹில்லின் ஒரு பென்னி அஞ்சல் வந்தபோது, 1840 ஜனவரி 10-ஆம் நாள் இவ்வுரிமை நீக்கப்பட்டது.

அமெரிக்கக் குடியேற்றங்களின் காங்கிரஸ் 1775-இலேயே தன் உறுப்பினர்களுக்கு இதே உரிமையை வழங்கிக்கொண்டது. அதன் முதல் அஞ்சல் தலைவரான பெஞ்சமின் பிராங்க்ளின், உறைமேல் தம் பெயருக்கு நடுவே ‘சுதந்திரம்’, ‘கட்டணமில்லை’ என இரண்டு பொருளும் தரும் சொல்லைச் செருகிக் கையெழுத்திடுவார். பிரிட்டிஷ் அரசு 1774-இல்தான் அவரை அஞ்சல் பணியிலிருந்து நீக்கியிருந்தது. 1792-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டம் தனியார் கடிதத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 6 முதல் 25 சென்ட் வரை கட்டணம் விதித்தது. செய்தித்தாளுக்கு 100 மைல் வரை 1 சென்ட், அதற்கு மேல் ஒன்றரை சென்ட். காங்கிரஸ் உறுப்பினரின் கடிதமோ இலவசமாகச் சென்றது.

சுற்று மடல்கள்

இவ்வுரிமையின் நிழலில் வளர்ந்தவை சுற்று மடல்கள். கூட்டத்தொடர் முடியும் தறுவாயில் உறுப்பினர் ஒரு நீண்ட கடிதம் எழுதித் தலைநகரிலேயே அச்சிட்டுத் தம் மாவட்டத்தின் முக்கியஸ்தர்களுக்கு அனுப்புவார். அது கைமாறிக் கைமாறிப் படிக்கப்படும். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று இருந்தால் அதிலும் வெளிவரும். பிரான்சுடனும் பிரிட்டனுடனும் உள்ள உறவு, நாட்டின் கடன், வரிகள், புதிய அஞ்சல் வழிகள், பொது நிலங்களின் விற்பனை ஆகியவை வழக்கமான பொருள்கள். மேற்கே நிலம் வாங்கக் காத்திருந்த உழவருக்கு, 1820-இல் ஏக்கரின் குறைந்தபட்ச விலை 2 டாலரிலிருந்து 1.25 டாலராக இறங்கியது எந்தச் சொற்பொழிவையும்விடப் பயனுள்ள செய்தி.

வர்ஜீனியா, வட கரோலினா, கென்டக்கி, டென்னசி உள்ளிட்ட தெற்கு, மேற்குப் பகுதி உறுப்பினர்களே இவற்றை மிகுதியாக எழுதினர். நியூ இங்கிலாந்துப் பகுதியில் இவ்வழக்கம் அரிது. அங்கே ஊர்கள் நெருக்கம், பத்திரிகைகளும் ஏராளம்; தெற்கிலோ வீடுகள் சிதறிக் கிடந்தன. வரலாற்றாசிரியர் நோபிள் கன்னிங்காம் 1789 முதல் 1829 வரையிலான சுற்று மடல்களைத் திரட்டி 1978-இல் மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார். 1829-க்குப் பிந்திய மடல்களுக்கு இப்படியொரு பதிப்பாசிரியர் வாய்க்காததால், இத்துறை நூல்களில் தொடக்கக் காலமே பெரிதாகத் தெரிகிறது.

இம்மடல்களின் வரலாற்றில் தலையாய நிகழ்ச்சி கேபெல் விவகாரம். 1797 மே மாதம் ரிச்மண்ட் நகரில் கூடிய கூட்டாட்சி நீதிமன்றத்தின் பெரு நடுவர் குழு, காங்கிரஸ் உறுப்பினர் சிலரின் சுற்று மடல்கள் அரசின்மீது ஆதாரமற்ற பழிகளைப் பரப்புவதாகக் குற்றஞ்சாட்டியது. வர்ஜீனியாவின் சாமுவேல் கேபெல் பெயரை அது தனித்துச் சுட்டியது. நீதிமன்றத்தில் தலைமை வகித்தவர் உச்சநீதிமன்ற நீதிபதி ஜேம்ஸ் ஐரடெல். ஆளும் ஃபெடரலிஸ்ட் கட்சி நீதிமன்றத்தைத் தன் ஆயுதமாக்கிய செயலாக இதை எதிர்த்தரப்பினர் கண்டனர். அப்போது துணைக் குடியரசுத் தலைவராயிருந்த தாமஸ் ஜெஃபர்சன், தம் பெயர் வெளிவராமல், மாநிலப் பேரவைக்கு ஒரு கண்டன மனு எழுதித் தந்தார். உறுப்பினரும் அவரைத் தேர்ந்தெடுத்தவர்களும் தடையின்றிக் கடிதம் எழுதிக்கொள்வது இயற்கை உரிமை. அதில் நீதிபதி தலையிட்டால் பிரதிநிதித்துவமே குலையும் என்பது அதன் சாரம். மாநிலப் பேரவையின் பிரதிநிதிகள் அவையும் அவ்வாண்டு இறுதியில் நடுவர் குழுவைக் கண்டித்தது. கேபெல்மீது வழக்கு நடக்கவில்லை; அவர் 1803 வரை காங்கிரசில் நீடித்தார்.

விதைப் பொட்டலமும் சீர்திருத்தமும்

கட்சிப் பத்திரிகைகள் பெருகியபின் சுற்று மடல் மங்கியது. அதன் இடத்தைப் பிடித்தது விதைப் பொட்டலம். 1839-இல் காப்புரிமை அலுவலகத்தின் வழியே தொடங்கிய இத்திட்டத்தில், உறுப்பினர்கள் காய்கறி, பூ விதைகளைத் தொகுதி உழவர்களுக்கு அஞ்சலில் இலவசமாக அனுப்பினர். 1923 வரை இது நீடித்தது. மடலைத் தூக்கிப்போட்டவர்களும் விதையை வைத்துக்கொண்டிருப்பார்கள்.

அஞ்சல் துறைத் தலைவர் ஜான் கிரெஸ்வெல்லின் பிடிவாதத்தால் 1873-இல் இலவச அஞ்சல் உரிமை ஒழிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அரசு வெளியீடுகளுக்கு அது திரும்பியது. 1895-இல் அலுவல் கடிதங்களுக்கும் மீண்டது. எது அலுவல், எது தேர்தல் பிரச்சாரம் என்று வரையறுக்கும் சட்டம் 1973-இல் வந்தது. மடலில் வாக்குக் கேட்கக்கூடாது, தேர்தல் நெருங்கும் நாள்களில் மொத்தமாக அனுப்பக்கூடாது என்பன அதன் முக்கிய விதிகள்.

மாநிலங்களில்

மாநில உறுப்பினருக்குக் கூட்டாட்சியின் இலவச அஞ்சல் உரிமை இல்லை. அச்சுக்கும் அஞ்சலுக்கும் மாநிலப் பேரவையின் நிதியே செலவிடப்படுகிறது. நெடுங்காலம் பேரவைகள் ஆண்டுக்குச் சில வாரங்களே கூடின. பல மாநிலங்களில் ஈராண்டுக்கு ஒருமுறை. உறுப்பினர் மற்ற நாள்களில் ஊரிலேயே வழக்கறிஞராகவோ உழவராகவோ இருந்ததால், செய்தி சொல்லத் தாள் தேவைப்படவில்லை. 1966-இல் கலிபோர்னியா, பேரவைத் தலைவர் ஜெஸ் அன்ரூவின் முயற்சியால், முழுநேரப் பேரவைக்கு மாறியது. பெரிய மாநிலங்களில் தொகுதி அலுவலகமும் ஊழியர்களும் அதையொட்டிய காலத்தில் பெருகின. தொகுதி மடலும் அப்போதுதான் வேரூன்றியது.

மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு மிகுதி. நியூ ஹாம்ப்ஷயரின் பிரதிநிதிகள் அவையில் 400 பேர். ஆண்டுச் சம்பளம் 100 டாலர். ஒருவருக்கு ஏறத்தாழ 3,500 மக்களே என்பதால் கடைத்தெருவிலேயே செய்தி சொல்லிவிடலாம். கலிபோர்னியாவில் 40 செனட் உறுப்பினர்கள். ஒவ்வொருவருக்கும் பத்து லட்சத்தை நெருங்கும் மக்கள். ஆனால் மடல் மிகவும் தேவைப்படும் அங்கேதான் தடை கடுமையானது. 1988-இல் வாக்காளர்கள் ஏற்ற 73-ஆம் முன்மொழிவின்படி, ஒரே மாதிரியான 200 கடிதங்களுக்கு மேல் ஒரு மாதத்தில் பொதுச்செலவில் அனுப்ப இயலாது. பதவியில் இருப்பவருக்கு இலவச விளம்பரம் என்ற கூச்சல் அங்கே வென்றது.

பயன் அளவில் பென்சில்வேனியா நல்ல எடுத்துக்காட்டு. அங்கே முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சொத்துவரியிலும் வீட்டு வாடகையிலும் ஒரு பங்கைத் திருப்பித் தரும் திட்டம் உண்டு. மாநில லாட்டரி வருவாயும் அதற்குச் செல்கிறது. 2023-ஆம் ஆண்டுச் சட்டம் உச்சத்தொகையை 1,000 டாலராகவும் வருமான வரம்பை 45,000 டாலராகவும் உயர்த்தியது. விண்ணப்பத்தைத் தொகுதி அலுவலகத்தில் இலவசமாக நிரப்பித் தருவார்கள் என்பது அம்மாநில மடல்களில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. குளிர்கால வெப்பமூட்டும் செலவுக்கான உதவி, உரிமை கோரப்படாமல் கருவூலத்தில் கிடக்கும் பணம், உள்ளூர் உதவிகளுக்கான 211 என்ற தொலைபேசி எண் ஆகியவையும் பல மாநில மடல்களில் இடம்பெறும். 1997-இல் அட்லாண்டாவில் தொடங்கிய 211 சேவையின் எண், 2000-இல் நாடு முழுவதற்கும் ஒதுக்கப்பட்டது.

இன்று மின்மடல், சமூக ஊடகம், தொலைபேசிவழி ஊர்க்கூட்டம் ஆகியவையும் வழக்கில் உள்ளன; கலிபோர்னியாவின் 200 கடித வரம்பு மின்னஞ்சலுக்குப் பொருந்தாது.