பன்னேருகட்டா தேசியப் பூங்கா

பெங்களூரின் தெற்கு விளிம்பில், நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவில் தொடங்குகிறது பன்னேருகட்டா தேசியப் பூங்கா. 1974ஆம் ஆண்டு சுமார் 104 சதுர கிலோமீட்டர் பரப்புடன் அறிவிக்கப்பட்ட இந்தக் காடு, பின்னாளில் விரிவாக்கப்பட்டு 260.51 சதுர கிலோமீட்டராக வளர்ந்தது. ஒரு கோடிக்கு மேல் மக்கள் வாழும் நகரத்தின் வாசலில் காட்டு யானைக் கூட்டங்கள் தன்னிச்சையாக நடமாடுவது உலகிலேயே அரிது.

பெங்களூர்வாசிகள் பலருக்குப் பன்னேருகட்டா என்றால் விடுமுறை நாளில் குழந்தைகளோடு வண்டியில் போய்ச் சிங்கமும் புலியும் பார்க்கும் இடம். அவர்கள் பார்ப்பது உயிரியல் பூங்காவை. அது 2002இல் தேசியப் பூங்காவிலிருந்து தனி நிர்வாகமாகப் பிரிக்கப்பட்டது. 2006இல் திறக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும், வித்தைக்காரர்களிடமிருந்து மீட்கப்பட்ட கரடிகளின் காப்பகமும் அதை ஒட்டியே உள்ளன. அதற்கு அப்பால்தான் காடு விரிகிறது. பன்னேருகட்டா, ஹாரோஹள்ளி, ஆனேக்கல், கோடிஹள்ளி ஆகிய வனச்சரகங்களாகப் பிரிந்த அந்தக் காட்டில் பாறைக் குன்றுகளும் மூங்கில் புதர்களும் இலையுதிர் மரங்களும் முட்காடுகளும் கலந்து கிடக்கின்றன. யானையோடு சிறுத்தை, கரடி, காட்டெருது, கடமான் ஆகியவையும் அங்கே உண்டு.

வளர்ப்பு யானைகளுக்கும் காட்டு யானைகளுக்கும் இடையே இங்கே சுவர் ஏதுமில்லை. பகலில் பாகர்களின் கண்பார்வையில் இருக்கும் உயிரியல் பூங்கா யானைகளை, மாலையானதும் சங்கிலியோடு காட்டுக்குள் மேய விடுவார்கள். இரவில் காட்டு ஆண் யானைகள் அவற்றைத் தேடி வரும். பூங்காவில் பிறக்கும் கன்றுகள் பலவற்றுக்குத் தந்தை காட்டு யானைதான்.

இந்தக் காட்டின் வடிவத்திலேயே அதன் பலவீனமும் இருக்கிறது. வடக்கிலிருந்து தெற்காக நீளமாக ஓடும் இது, குறுக்கே சில இடங்களில் மிகவும் ஒடுங்கிவிடுகிறது. நீண்டு ஒல்லியான காட்டுக்கு உட்புறம் குறைவு, விளிம்பு அதிகம். விளிம்பு முழுவதும் வயலும் ஊரும் கல்குவாரியும் புதிய மனைப்பிரிவுகளும் வந்து நிற்கின்றன. பரப்பளவை மட்டும் பார்த்தால் யானைகளுக்கு இது போதாத காடு. ஆனாலும் அவை இங்கே நிலைத்திருப்பதற்குத் தெற்கே உள்ள தொடர்ச்சியே காரணம். தமிழ்நாட்டின் தளி, ஜவளகிரி காடுகள் வழியாகவும் பிலிக்கல் காப்புக்காடு வழியாகவும் இது காவிரிக் கரைக் காடுகளோடு இணைகிறது; அங்கிருந்து மலை மாதேஸ்வரா, பிலிகிரிரங்கன், சத்தியமங்கலம் என்று நீலகிரி வரை யானை நாடு விரிகிறது. பன்னேருகட்டா அந்தப் பெரும் காட்டின் வடக்கு விரல்நுனி. கரடிக்கல்–மாதேஸ்வரா, தளி–பிலிக்கல் ஆகிய வழித்தடங்கள் அடைபட்டால் விரல் துண்டாகிவிடும்.

யானைகள் காட்டை விட்டு ஏன் வெளியே வருகின்றன? பசியால் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. சென்னையில் பிறந்து பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய ராமன் சுகுமார், 1980களில் சத்தியமங்கலம், பிலிகிரிரங்கன் பகுதிகளில் செய்த ஆய்வு இன்னும் ஆழமாகப் பதில் சொன்னது. காட்டுப் புல்லைவிடக் கேழ்வரகிலும் நெல்லிலும் புரதம், சுண்ணாம்புச் சத்து, உப்புச் சத்து ஆகியவை கூடுதல். வளர்ந்த ஆண் யானைகள் பெண் யானைகளைவிடப் பல மடங்கு அதிகமாக வயலுக்கு வருகின்றன. நல்ல தீனி உடலை வளர்த்து, இனப்பெருக்கப் போட்டியில் அவற்றுக்குக் கைகொடுக்கிறது. ஆபத்து பெரிது என்றாலும் பலன் அதைவிடப் பெரிது என்பதே ஆண் யானையின் கணக்கு.

ஆனேக்கல், ஓசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரங்களில் கேழ்வரகு கதிர் முற்றுவது மழைக்காலத்தின் முடிவில். அப்போதுதான் யானைகளின் வலசையும் உச்சத்தில் இருக்கும். ஜவளகிரி வழியாக வரும் கூட்டங்கள் நொகனூர், ஊடேதுர்கம் காடுகளைத் தாண்டி, ஓசூரை அடுத்த சானமாவுக் காடு வரை வந்து முகாமிடுகின்றன. அந்தக் காட்டின் ஓரத்தில் ஓடுவது பெங்களூர்–சென்னைத் தேசிய நெடுஞ்சாலை.

ஒரு வருட உழைப்பை ஒரே இரவில் இழக்கும் விவசாயியின் வேதனை சிறிதல்ல. பரணில் விழித்திருந்து, தகரம் தட்டி, பட்டாசு வெடித்துப் பயிரைக் காப்பவர்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். அந்த ஆற்றாமையில் சிலர் வேலியில் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படியொரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. உடன் வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. இழப்பீடு விரைந்தும் முழுதாகவும் கைக்கு வந்தால் இந்த வேலிகள் குறையும். யானையைக் காக்கும் செலவை ஏழை விவசாயியின் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமில்லை.

வனத்துறையின் தடுப்புகள் பலவகை: அகழி, சூரிய மின்வேலி, பழைய ரயில் தண்டவாளங்களால் ஆன வேலி. அகழியின் கரையை யானைகள் காலால் சரித்து வழி செய்துகொள்ளும். மின்வேலியை மின்சாரம் கடத்தாத தந்தத்தால் தள்ளிவிடும். தண்டவாள வேலி உறுதியானதுதான். ஆனால் 2018 டிசம்பரில் நாகரஹொளேயில் அதைத் தாண்ட முயன்ற ஓர் ஆண் யானை அதிலேயே மாட்டி இறந்தது. வேலி வயலைக் காக்கலாம். வழித்தடத்தின் குறுக்கே போட்டால் யானை அடுத்த ஊருக்குத் திரும்பும். கர்நாடகத்திலிருந்து விரட்டினால் தமிழ்நாட்டுக்கும், தமிழ்நாட்டிலிருந்து விரட்டினால் கர்நாடகத்துக்கும் அது போகிறது.

காட்டைச் சுற்றிய பாதுகாப்பு வளையமும் சுருங்கிவிட்டது. 2016இல் வெளியான வரைவு அறிவிக்கை 268.96 சதுர கிலோமீட்டரைச் சூழல் உணர்திறன் மண்டலமாக முன்மொழிந்தது. 2020 மார்ச்சில் வந்த இறுதி அறிவிக்கையில் எஞ்சியது 168.84. பெங்களூரை நோக்கிய பக்கத்தில் மண்டலத்தின் அகலம் வெறும் 100 மீட்டர். ராமநகரப் பக்கத்தில் அதிகபட்சம் ஒரு கிலோமீட்டர். குவாரிகளையும் மாசு தரும் ஆலைகளையும் தடுத்து நிறுத்தும் இந்த மண்டலம், நெருக்கடி மிகுந்த பக்கத்திலேயே மெலிந்திருப்பது பெரும் பிழை.

தெற்கே நிலைமை நம்பிக்கை தருகிறது. தமிழ்நாடு அரசு 2014இல் 504.33 சதுர கிலோமீட்டரில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்தையும், 2022இல் 686.4 சதுர கிலோமீட்டரில் காவிரி தெற்குச் சரணாலயத்தையும் அறிவித்தது. கர்நாடகத்தின் காவிரி வனவிலங்குச் சரணாலயமும் விரிவாக்கப்பட்டு ஆயிரம் சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. எல்லைக்கு இருபுறமும் தொடர்ச்சியாகக் காடு காக்கப்படும் வாய்ப்பு இதனால் கூடியிருக்கிறது. 2023 கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் 6,395 யானைகளும் தமிழ்நாட்டில் 2,961 யானைகளும் இருந்தன.

ஆனேக்கல், ஜிகணி, தளி பக்கம் மனையோ தோட்டமோ வாங்க நினைப்பவர்கள், பத்திரம் பதிவதற்கு முன் அந்த நிலம் யானை வழித்தடத்தில் இருக்கிறதா என்று வனச்சரக அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிட வேண்டும்.