அரக்கு முத்திரையும் மின் சான்றிதழும்

அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ‘மந்தணம்’ என்ற சொல் மறந்திருக்காது. மந்தணக் கடிதத்துக்கு இரண்டு உறைகள். உள் உறையில் ‘மந்தணம்’ என்று எழுதி, அரக்கு வைத்து முத்திரை குத்துவோம். வெளி உறையில் முகவரி மட்டும். யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பது தபால்காரருக்குத் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. மின்னஞ்சலில் அந்த அரக்கு முத்திரையின் வேலையைச் செய்வது மின் சான்றிதழ்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழியில் எண்ணுக்கும் ‘ஷிஃப்ர்’, இரகசியக் குறிக்கும் ‘ஷிஃப்ர்’. பூஜ்யத்தைக் குறிக்கும் ‘சிஃப்ர்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. நம் நாட்டுப் பூஜ்யம் அரபு தேசம் வழியாக ஐரோப்பா போய், இரகசியத்துக்கே பெயராகிவிட்டது!

பழைய இரகசிய எழுத்தில் ஒரு சங்கடம் உண்டு. பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. அந்தச் சாவியை எதிராளிக்கு எப்படி அனுப்புவது? 1976-இல் அமெரிக்காவில் டிஃபி, ஹெல்மன் இருவரும் இதற்கு வழி சொன்னார்கள். மறு ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் மூவரும் அதை நடைமுறைக்கு ஏற்ற கணக்காக்கினார்கள். கோயில் உண்டியலை நினைத்துக்கொள்ளுங்கள். காசு யாரும் போடலாம். திறப்பது சாவி உள்ளவர் மட்டுமே. பொதுச்சாவியை ஊருக்கே கொடுக்கலாம், தனிச்சாவி நம்மிடமே இருக்கும். இதை மின்னஞ்சலுக்குப் பொருத்திய ‘எஸ்-மைம்’ முறை 1995-இல் வந்தது.

ஆனால் இந்தப் பொதுச்சாவி இன்னாருடையதுதான் என்று யார் உறுதி சொல்வது? நம் காலத்தில் கெஜட்டெட் அதிகாரி பச்சை மையில் கையெழுத்திடுவார். இங்கே சான்றளிக்கும் நிறுவனம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17-இல் அமலுக்கு வந்தது. அந்த நிறுவனங்களுக்கு உரிமம் வழங்க மத்திய அரசு ஒரு கட்டுப்பாட்டாளரை நியமித்தது. 2002 பிப்ரவரியில் முதல் உரிமம் பெற்ற சேஃப்ஸ்க்ரிப்ட், நம் சென்னையின் சத்யம் இன்ஃபோவே (பிற்காலச் சிஃபி) நிறுவனத்தின் கிளை. எங்கள் வல்லம் வடகால் சிப்காட் பக்கம் தொழில் நடத்துகிறவர்கள் டெண்டருக்கும் கம்பெனி கணக்குக்கும் கணினியில் செருகும் டோக்கன் அந்தச் சட்டத்தின் பிள்ளைதான்.

மின்னஞ்சலுக்குப் பயன்படுத்துவது கடினமில்லை. தண்டர்பேர்ட் மென்பொருளில் கணக்கு அமைப்புக்குள் போய்ச் சான்றிதழ்க் கோப்பை ஏற்ற வேண்டும். சான்றிதழிலும் கணக்கிலும் ஒரே மின்னஞ்சல் முகவரி இருக்க வேண்டும். முதலில் நண்பரும் நாமும் கையொப்பமிட்ட மடல் ஒன்றைப் பரிமாறிக்கொள்வோம். அதிலேயே பொதுச்சாவி போய்விடும். அதன்பின் பூட்டிய மடல் அனுப்பலாம். மடலின் தலைப்பு மட்டும் பூட்டப்படாது, அது வெளி உறை. சான்றிதழ் காலாவதியானாலும் பழைய தனிச்சாவியை அழிக்காதீர்கள்; அழித்தால் பழைய மடல்களைத் திறக்கவே முடியாது.

முத்திரையின் மதிப்பு அதை வைத்திருப்பவரின் நாணயத்தில் இருக்கிறது. 2014 ஜூலையில் கூகுளின் முகவரிகளுக்கு, அந்நிறுவனம் கேட்காமலே, தேசியத் தகவலியல் மையத்தின் பெயரில் சான்றிதழ்கள் வெளியாகியிருந்தது தெரிய வந்தது. கட்டுப்பாட்டாளர் அவற்றை உடனே ரத்து செய்தார். விண்டோஸ் நம் நாட்டு மூலச் சான்றிதழை நம்பியதால் அதைப் பயன்படுத்தியவர்களுக்கு ஆபத்து இருந்தது. மொசில்லாவின் பட்டியலில் அது இல்லாததால் ஃபயர்ஃபாக்ஸ் தப்பியது. நம் சட்டப்படி செல்லும் சான்றிதழை ஓர் அயல்நாட்டு மென்பொருள் ‘நம்பகமற்றது’ என்று சொல்லக்கூடும் என்பதும் இதனால் விளங்குகிறது. அப்போது மூலச் சான்றிதழைக் கட்டுப்பாட்டாளரின் தளத்திலிருந்தே எடுத்து நாம் சேர்க்க வேண்டும். வேறு எங்கிருந்தும் கூடாது.

அரசுகளுக்கும் இந்தப் பூட்டின் மீது ஒரு கண் உண்டு. பிரான்ஸ் இதை நெடுங்காலம் போர்த் தளவாடம் போலக் கட்டுப்படுத்தி, 1999-இல் பெரிதும் தளர்த்தி, 2004-இல்தான் பயன்பாட்டை முழுவதும் விடுவித்தது. இங்கே 2015 செப்டம்பரில் ஒரு வரைவுக் கொள்கை வந்தது. பூட்டிய செய்திகளின் திறந்த நகலை மக்கள் 90 நாள் வைத்திருக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் அரசு அதைத் திரும்பப் பெற்றது.

மருத்துவ அறிக்கை, சொத்துப் பத்திர நகல், ஓய்வூதிய ஆவணம் எல்லாவற்றையும் இன்று திறந்த அஞ்சலட்டை போல அனுப்புகிறோம். அலுவலக மந்தணத்துக்கு அரக்கு வைத்த நாம், நம் வீட்டு மந்தணத்துக்கும் ஓர் உறை போடலாமே.