கொழும்புக்கும் மதுரைக்கும் எத்தனை தூரம்?

மதுரை விமான நிலையத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். வானூர்தி அதனை ஒரு மணி நேர அளவில் கடந்துவிடுகிறது. விருதுநகர், சிவகாசி வட்டாரத்தாருக்கும் அந்நிலையமே அண்மையிலுள்ளது. ஆயினும், இரு நகரங்களின் இடைத்தொலைவை மைலும் மணியும் மட்டுமே சொல்லிவிடுமா? வரலாறு வேறு விடை தருகின்றது.

முற்கால அரபு நூலோர் நிலத்தை ‘மர்ஹலா’ என்னும் ஒருநாள் நடையாலும், கடலை ‘மஜ்ரா’ என்னும் ஒருநாள் கப்பலோட்டத்தாலும் அளந்தனர். அவ்வளவையில் காற்றின் போக்கும் மாலுமியின் தேர்ச்சியும் அடங்கியிருந்தன. ஹிஜ்ரி 745இல் (கி.பி. 1344) இப்னு பதூதா மாலத்தீவிலிருந்து மஅபருக்கு, அதாவது தமிழகத்தின் கீழைக்கரைக்குப் புறப்பட்டார். அது மூன்று நாள் வழி. தேர்ந்த மீகாமன் இல்லாமையால் ஒன்பதாம் நாள் இலங்கையிற் கரையேறினார். ‘கலன்பூ’ என அவர் குறிக்கும் கொழும்பைக் கண்டு, மூன்று நாளிற் புத்தளம் சேர்ந்து, மீண்டும் கப்பலேறினார். புயலில் அக்கப்பல் சிதைந்தது. உயிர்தப்பிக் கரைசேர்ந்த பின்னரே மதுரை சுல்தான் கியாதுத்தீன் தாமகானியைச் சந்தித்தார்.

நீராவியின் காலத்தில் காற்றின் ஆட்சி தளர்ந்தது. 1876இல் மதுரையிலிருந்து விருதுபட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை அமைந்தது. 1923இல் விருதுநகர் எனப் பெயர் பெற்றது இவ்விருதுபட்டியே. தூத்துக்குடியில் இறங்கியவர் கொழும்புக் கப்பலேறினர். அக்கடல்வழியில் ஆங்கிலேயக் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து 1906இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவியபோது, ஹாஜி முகம்மது பக்கீர் சேட் இரண்டு லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கித் துணைநின்றார். பயணத்தின் விலையை எவர் வகுப்பது என்பதே அன்றைய போராட்டம்.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 35 கிலோமீட்டரே கடற்பயணமாயிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1964ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தாயகம் அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையினர் அவ்வழியே வந்தனர். 1983 கலவரத்துக்குப் பின் அதுவும் நின்றது. அக்கரையில் உறவினரை விட்டுவந்த ஏழைக்கு அன்று கொழும்பு எட்டாத ஊராயிற்று. நிலப்படத்திலோ ஒரு மைலும் கூடவில்லை!

2011 ஜூனில் தூத்துக்குடி–கொழும்புப் பயணிகள் கப்பல் மீண்டும் தொடங்கி, நவம்பரிலேயே நின்றது. 2012இல் மதுரை–கொழும்பு விமானம் தொடங்கியது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் புறப்பட்டது. அதுவும் இடையிடையே தடைப்பட்டது.

வானூர்தி நேரத்தைச் சுருக்கியது, மறுப்பதற்கில்லை. ஆனால், மூட்டையும் முடிச்சுமாய்க் குறைந்த கட்டணத்திற் சென்றுவந்த சிறு வணிகருக்கும் தொழிலாளருக்கும் அது பழைய கப்பலுக்கு ஈடாகவில்லை. வழி திறந்திருப்பதும், அவ்வழியிற் செல்ல எளியவர்க்கும் இயலுவதுமே தூரத்தின் மெய்யான அளவு. அவ்வளவுகோலால் நோக்கின், மதுரையும் கொழும்பும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இன்னும் நெருங்கியிருந்தன எனலாம்.