எஸ்பிஐ ஃபிளாஷ் சில்லுகளின் 16 மெகாபைட் எல்லை

எஸ்பிஐ நார் ஃபிளாஷ் சில்லில் 3 பைட் முகவரி எட்டும் உச்ச அளவு 16 மெகாபைட். ரௌட்டர் போன்ற சிறு கருவிகளில் துவக்க நிரலும் பல சமயம் கெர்னலும் இச்சில்லில்தான் இருக்கும். படிப்பதற்கான பழைய கட்டளை 03. அதன் பின் 3 பைட் முகவரி செல்லும். 24 பிட்டுகளால் 1,67,77,216 பைட்டுகளைத்தான் சுட்ட முடியும். சில்லு விற்பவர்கள் இதை 128 மெகாபிட் என்பார்கள்.

256 மெகாபிட் சில்லைச் சாதன இயக்கியில் சேர்ப்பது மேலோட்டமாகப் பார்த்தால் அட்டவணையில் ஒரு வரி கூட்டும் வேலை. சில்லு தன் அடையாளத்தை 3 பைட்டுகளில் சொல்லும். வின்பாண்டின் 128 மெகாபிட் சில்லில் கடைசி பைட் 18, 256 மெகாபிட்டில் 19. அந்த வரியோடு நிறுத்திக்கொண்டால் ஆபத்து. முகவரியின் மேல் பைட் உதிர்ந்துபோக, 16 மெகாபைட்டுக்கு அப்பால் அழிக்கச் சொன்ன பகுதிக்குப் பதில் சில்லின் தொடக்கப் பகுதி அழியும். துவக்க நிரல் இருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

எல்லையைத் தாண்ட மூன்று வழிகள் உள்ளன. மிகச் சுத்தமானது 4 பைட் முகவரிக்கென்றே வகுத்த தனிக் கட்டளைகள்: படிக்க 13, எழுத 12. சில்லு எந்த நிலையையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. இரண்டாவது, முகவரியின் மேல் பைட்டைத் தனிப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் பழைய கட்டளைகளையே பயன்படுத்துவது. மூன்றாவது, பி7 என்ற கட்டளையால் சில்லையே 4 பைட் முறைக்கு மாற்றுவது; இ9 பழைய முறைக்குத் திருப்பும். மைக்ரானின் சில சில்லுகள் முதலில் எழுத்து அனுமதிக் கட்டளை வராமல் பி7-ஐ ஏற்பதில்லை. வின்பாண்டின் டபிள்யூ25க்யூ256எஃப்வி 4 பைட் முறையை விட்டு வெளியேறும்போது அந்த மேல் பைட் பதிவேட்டில் 1 நின்றுவிடும். அதை இயக்கி துடைக்காவிட்டால் 3 பைட் படிப்பெல்லாம் இரண்டாம் 16 மெகாபைட்டிலிருந்தே வரும்.

சில்லின் அடையாளத்தையும் முழுதாக நம்ப முடியாது. மேக்ரானிக்ஸின் எம்எக்ஸ்25எல்25635 வரிசையில் இ, எஃப் என்ற இரு பதிப்புகளுக்கும் ஒரே அடையாள எண். 4 பைட் தனிக் கட்டளைகள் தெரிந்ததோ எஃப் பதிப்புக்கு மட்டும். லினக்ஸ் இயக்கி, சில்லுக்குள்ளேயே பதிந்திருக்கும் எஸ்எஃப்டிபி என்ற விவர அட்டவணையைப் படித்து இரண்டையும் பிரித்தறிகிறது. ஜெஸ்டி216 என்ற ஜெடெக் தரம் வகுத்த அட்டவணை அது.

முறை மாற்றும் வழியின் உண்மையான சிக்கல் மறுதொடக்கத்தில் வெளிப்படும். செயலி மீண்டும் முதலிலிருந்து தொடங்கினாலும் மின்சாரம் அறாத ஃபிளாஷ் சில்லு 4 பைட் முறையிலேயே காத்திருக்கும். துவக்க ரோம் 3 பைட் முகவரி அனுப்பும், சில்லு நான்காவதற்காக நிற்கும், கருவி எழாது. பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் எழுந்துவிடுவதால் பலர் பவர் அடாப்டர்மீது பழி போடுவதுண்டு. இயக்கி மூடப்படும்போது சில்லைப் பழைய முறைக்குத் திருப்ப லினக்ஸ் முயல்கிறது. மறுதொடக்கத்தில் இப்படிச் சிக்கும் பலகைகளைச் சாதன மர விவரணையில் குறித்துவைக்க ஒரு தனிப் பண்பும் உண்டு. ஆனால் வாட்ச்டாக் மீட்டமைக்கும்போது இயக்கிக்கு எதையும் திருப்ப நேரம் கிடைக்காது. அங்கே உதவுவது, ஃபிளாஷின் ரீசெட் காலைச் செயலியின் ரீசெட்டோடு பலகையிலேயே இணைத்துவிடுவதுதான்.